ஒரே வாய்த் தண்ணீரில் ஏழு மாத்திரைகள்

மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். ஒருநாள் ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று, போய்ப் போய்த் திரும்பி வருகிறது. சிறுநீரில் உள்ள கிருமிக்கு எந்த மருந்து எடுபடும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் பல மருந்துகளுக்கு நேராக 'ஆர்' என்று இருந்தது, அதாவது அந்தக் கிருமியிடம் அவை எடுபடாது. 'எஸ்', அதாவது எடுபடும் என்று மிஞ்சியிருந்த ஒருசில மாத்திரைகளில் சிப்ரோஃப்ளாக்சசின் ஒன்று. ஐந்து நாளாக அதைத்தான் சாப்பிடுகிறார். எரிச்சல் குறையவே இல்லை.

“கிருமி மருந்துக்கே அடங்கலையே மேடம். எதிர்ப்புச் சக்திக்கு இன்னும் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?” என்றார் மகள்.

இப்போது என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பையைத் திறந்து மேசையில் வரிசையாக வைத்தார்: ஜிங்க், கால்சியம், இரும்பு, மெக்னீசியம், மல்டிவைட்டமின், வைட்டமின் சி. “மறந்துடக் கூடாதுன்னு அந்த மருந்தோட சேர்த்தே எல்லாத்தையும் போட்டுடுவேன்மா, காலையிலயும் ராத்திரியிலயும்” என்றார் அம்மா.

கோளாறு அங்கேதான் இருந்தது. ஜிங்க், இரும்பு, கால்சியம், மெக்னீசியம் ஆகியவை வயிற்றில் சிப்ரோஃப்ளாக்சசினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்த கட்டியைக் குடல் சரியாக உறிஞ்சாது. மாத்திரை முழுதாக உள்ளே போகிறது, இரத்தத்துக்குப் போவதோ அரைகுறை அளவு. டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்துக்கும் இதே கதிதான். அரைகுறை அளவில் கிருமி சாகாது, அந்த மருந்தைச் சமாளிக்கத் தெரிந்த கிருமிகள் மிஞ்சிப் பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் தன் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து எடுப்பதன் ஆபத்தை எச்சரித்தார்.

அந்த அம்மா செய்ததில் அலட்சியம் துளியும் இல்லை. அக்கறையால் செய்தது. எனக்கு மனசு கனத்தது அதனால்தான்.

சரி, சத்து மாத்திரையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். புரதம், ஜிங்க், வைட்டமின் ஏ, டி எது குறைந்தாலும் உடம்பின் காவல் தளரும். நம் வெள்ளணுக்கள் கேத்தலிசிடின் என்ற கிருமிநாசினிப் பொருளைத் தயாரிக்க வைட்டமின் டி உதவுகிறது. பரிசோதனையில் குறை தெரிந்தால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் போதுமான அளவு இருப்பவர் மேலும் மேலும் விழுங்கினால் காவல் அதற்கேற்ப ஏறிக்கொண்டே போகாது. மருந்தை உடைக்கும் நொதி, மருந்தை வெளியே தள்ளும் பம்ப் என்று கிருமி வைத்திருக்கும் ஆயுதங்களைச் சத்து மாத்திரை முடக்கும் என்பதற்கு நோயாளிகளிடம் நிரூபணம் இல்லை.

அளவு மீறினால் கெடுதலும் உண்டு. தீவிர செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளுக்கு ஊசி வழியாக வைட்டமின் சி கொடுத்துப் பார்த்த 'லோவிட்' ஆய்வு 2022இல் வெளியானது. 28 நாளில் இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்களுமாக, வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். உதவும் என்று நம்பிக் கொடுத்ததில் வந்த முடிவு இது. ஜிங்க்கை அளவுக்கு மேல் மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பில் தாமிரம் குறைந்து, தொற்றோடு போராடும் வெள்ளணுக்களே குறையக்கூடும். இரும்பும் அப்படித்தான். தொற்று வந்தால் உடம்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கிருமிக்குக் கிடைக்காதபடி இரும்பைப் பதுக்கிவைக்கிறது. அந்த நேரத்தில் நாமாகப் போய் இரும்பைக் கொட்டக் கூடாது. அதற்காக மருத்துவர் எழுதிய இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம், அவரிடம் கேளுங்கள்.

2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது உலகளாவிய மதிப்பீடு. இருக்கும் கொஞ்சநஞ்ச மருந்தையும் வயிற்றிலேயே வீணாக்க முடியாது.

அப்புறம், மருத்துவரிடம் பேசிவிட்டு அம்மாவுக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சிப்ரோஃப்ளாக்சசின் காலை 8, இரவு 8, வெறும் தண்ணீரோடு. தேவைப்பட்ட சத்து மாத்திரைகள் மட்டும் மதியம் 1 மணிக்கு. சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டுக் குறைந்தது 2 மணி நேரம் கழித்தே சத்து மாத்திரை, சத்து மாத்திரை சாப்பிட்டுக் குறைந்தது 6 மணி நேரம் கழித்தே அடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்பது கணக்கு. மகள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு டப்பா மூடியிலும் 'மதியம்' என்று எழுதத் தொடங்கினார்.