‘கோப்பை மீன்’ என்பது எந்த மீன்?

வட அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுவோரிடையே அறுபது ஆண்டுகளாக ஓயாத ஒரு வழக்கு உண்டு. மிகப் பெரிய மஸ்கி மீன் ஒன்று தூண்டிலில் சிக்கினால், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று பாடம் செய்து சுவரில் மாட்டலாமா, அளந்து படமெடுத்துக்கொண்டு உயிருடன் நீரில் விட்டுவிட வேண்டுமா என்பதே அவ்வழக்கு. அதைத் தமிழில் சொல்ல வருகிறவர்கள், ‘கோப்பை மீனை வெளியிடுவதா, வைத்திருப்பதா’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இப்படி எழுதினால், மீன் கோப்பைக்குள் கிடக்கிறது என்றோ, கோப்பை வடிவில் ஒரு மீன் இருக்கிறது என்றோ, ஏதோ ஒரு போட்டியில் கோப்பை பெற்ற மீன் என்றோதான் தமிழ் வாசகர் பொருள்கொள்ள முடியும். மூலமான ‘ட்ராஃபி’ மீன் என்னும் ஆங்கிலத் தொடரில் இம்மூன்றில் எதுவும் இல்லை. ட்ராஃபிக்குக் கோப்பை, ரிலீஸுக்கு வெளியிடுதல் என ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்கள் பிழைபட்டிருக்கின்றன. இரண்டும் வழக்கின் உயிரான சொற்கள் என்பதால் இதைச் சிறு பிழை என்று விட்டுவிட இயலவில்லை.

முதலில் மஸ்கி. பைக் எனப்படும் நன்னீர் வேட்டை மீன் குடும்பத்தில் மிகப் பெரியது இது. நம் கடற்கரையின் சீலா மீனைப் போல நீண்ட உடலும் முன்நீண்ட வாயும் கூரிய பற்களும் உடையது. மாஷ்கினூஷே என்னும் ஒஜிப்வே பழங்குடிச் சொல்லிலிருந்து மஸ்கெலஞ்ச் என்ற முழுப்பெயரும், அதைக் குறுக்கி மஸ்கி என்ற பெயரும் பிறந்தன. பிரெஞ்சுக்காரர்கள் அதே ஒலியைத் தம் மொழியில் ‘நீண்ட முகமூடி’ என்று கேட்டுக்கொண்டார்கள். விஸ்கான்சின் மாநிலம் 1955இல் இதைத் தன் மாநில மீனாக ஏற்றது. ஆங்கிலத்தில் மஸ்க் எனப்படும் கஸ்தூரிக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை; ஆங்கில எழுத்தின் ஒற்றுமையை நம்பிக் ‘கஸ்தூரி மீன்’ என்று எழுதுவதைக் குறித்து இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ட்ராஃபி என்னும் சொல் கிரேக்கத்தில் தொடங்குகிறது. ‘த்ரோப்பே’ என்றால் திரும்புதல். போர்க்களத்தில் பகைவர் புறமுதுகிட்டுத் திரும்பிய இடத்தில், அவர்கள் விட்டுச்சென்ற கவசத்தையும் படைக்கலங்களையும் ஒரு மரத்திலோ கம்பத்திலோ தொங்கவிட்டு நாட்டிய அடையாளம் ‘த்ரோபையான்’. ஞாயிறு திரும்பும் எல்லைகளான கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே. இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்த பின், வேட்டையில் கொன்ற விலங்கின் தலை, கொம்பு, தோல் ஆகியவற்றுக்கும், பின்னர் விளையாட்டுப் பரிசுக்கும் இச்சொல் விரிந்தது. இந்த அடையாளத்தைக் கல்லில் செய்யாமல் மரத்தில் செய்தது பகை நெடுநாள் நிலைக்கலாகாது என்பதற்காகவே என்ற ஒரு விளக்கம் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதிய நூலில் வருகிறது. சிராக்கியூஸ் நகரில், பிடிபட்ட ஏதென்ஸ் படையினரைக் கொல்வதா, விடுவதா என்று மன்றம் வாதிட்டபோது, அப்போரில் தன் மகன்கள் இருவரை இழந்த முதியவர் ஒருவர் விட்டுவிடச் சொல்லிப் பேசிய பேச்சு அது. அவர் சொல் அன்று எடுபடவில்லை. பிடித்ததை வைப்பதா, விடுவதா என்னும் கேள்வி இச்சொல்லோடு அப்போதே கூடப் பிறந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இத்தகைய சொல் கோப்பையாகச் சுருங்கியதற்குக் காரணம் நம் விளையாட்டுப் பக்கங்கள். 1934இல் தொடங்கிய ரஞ்சி ட்ராஃபியை நாம் ‘ரஞ்சிக் கோப்பை’ என்றோம். கொடுக்கப்படுவது கோப்பை வடிவில் இருந்ததால் அங்கே அது பொருந்தியது. அங்கிருந்து அகராதிப் பட்டியல்களுக்குள் புகுந்து, ட்ராஃபி என்றாலே கோப்பை என்று ஆகிவிட்டது. விம்பிள்டனில் மகளிர் வாகையர் பெறுவது ஒரு தட்டு; அதையும் கோப்பை என்றே எழுதுகிறோம். தூய தமிழ் கருதி ட்ராஃபியை விலக்கிக் கோப்பையைக் கைக்கொண்டவர்கள், கோப்பையே போர்த்துகீசியர் வழி நமக்கு வந்த சொல் என்பதையும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிறமொழிச் சொல் என்பதற்காக நான் அதை விலக்கச் சொல்லவில்லை. தேநீருக்கு அது நல்ல சொல், மீனுக்குத்தான் ஆகாது.

கோப்பையின் பொருந்தாமையை உணர்ந்த சிலர் ‘வெற்றிச் சின்னம்’ என்கிறார்கள். இது கற்றறிந்தோர் ஆக்கம் என்பதால் இதன் பிழை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. எனவே இதனோடு சற்று விரிவாகவே வழக்காட வேண்டியிருக்கிறது. போர்க்களத்துக்கு இத்தொடர் மிகவும் பொருந்தும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டி முரசு செய்துகொண்டதைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. கிரேக்கர் கவசத்தைத் தொங்கவிட்டதும் சேரன் கடம்பை முரசாக்கியதும் ஒரே செயலின் இரு வடிவங்கள். அந்த முரசை வெற்றிச் சின்னம் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? சிறுவர் கழுத்தில் அணிவித்த புலிப்பல் தாலியைக்கூட, புலி கொன்ற வீரத்தின் சின்னம் என்று சொல்லலாம்.

ஆனால் மஸ்கிக்காரர்கள் அச்சொல்லை வழங்கும் முறை வேறு. ‘இந்த ஏரியில் ட்ராஃபி மஸ்கிகள் மிகுதி’ என்பது அவர்கள் நாள்தோறும் சொல்லும் வாக்கியம். அம்மீன்களை யாரும் இன்னும் பிடிக்கவில்லை. அவை நீரடியில் களைப்படுகையின் ஓரத்தில் இரைக்குக் காத்துக் கிடக்கின்றன. ‘இந்த ஏரியில் வெற்றிச் சின்னங்கள் மிகுதி’ என்று எழுதிப் பாருங்கள்; தேர்தல் நேரத்துச் சுவர்தான் நினைவுக்கு வரும். சின்னம் என்பது தன்னைத் தவிர்த்த வேறொன்றைக் குறிப்பது. கடம்பு முரசு பகைவனின் தோல்வியைக் குறித்தது. ஏரியில் கிடக்கும் மீனோ எதையும் குறிக்கவில்லை. அது தன் அளவால் மட்டுமே அப்பெயரைப் பெறுகிறது. ஏறத்தாழ ஐம்பது அங்குலத்தைத் தாண்டிய மஸ்கியைத்தான் அவர்கள் பொதுவாக அப்படி அழைக்கிறார்கள். ஆக, இங்கே ட்ராஃபி என்பது ஓர் அளவுச்சொல். வெற்றி பின்னால் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். பத்தாயிரம் தூண்டில் வீச்சுக்கு ஒரு மீன் என்று தம் இலக்கைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்கிறவர்கள் அவர்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வெற்றிச் சின்னம் என்று பெயரிட்ட உடனேயே மொழிபெயர்ப்பாளர் வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். சின்னத்தை வைத்துக்கொள்வதுதான் இயல்பு. அதை ஆற்றில் விடுவது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஒரு காலத்தில் அவ்வாறு வைத்துக்கொண்டதே வழக்கம் என்பது உண்மை. 1949ஆம் ஆண்டு விஸ்கான்சினின் ஹேவர்டு வட்டாரத்திலேயே இன்றுவரை பேசப்படும் இரு மஸ்கிகள் பிடிபட்டன. கால் ஜான்சன் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்சு மீனைப் பன்னாட்டு மீன்பிடிப்புச் சங்கம் உலகச் சாதனையாகக் கொள்கிறது. லூயி ஸ்ப்ரே பிடித்த 69 பவுண்டு 11 அவுன்சு மீனை ஹேவர்டிலுள்ள நன்னீர் மீன்பிடிப்புப் புகழரங்கம் சாதனையாகக் கொள்கிறது. அக்காலத்தில் விஸ்கான்சினில் படகருகே வந்த மஸ்கியைக் கைத்துப்பாக்கியால் சுட்டு ஏற்றுவதுகூடச் சட்டப்படி செல்லும். ஸ்ப்ரேயின் மீன் பாடம் செய்யப்பட்டுப் பின்னர் தீக்கிரையானது; எஞ்சிய நிழற்படங்களை வைத்து அம்மீன் அத்தனை பெரிதாக இருந்திருக்க முடியாது என்று இந்த நூற்றாண்டில் ஒரு குழுவினர் எதிர்வாதம் எழுப்ப, புகழரங்கம் அதை ஏற்க மறுத்தது. சின்னம் எரிந்த பின்னும் சாதனை நிற்கிறது, ஐயமும் நிற்கிறது.

1966இல் மினசோட்டாவில் மஸ்கீஸ் என்ற பெயரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்ட பிறகு நிலை மெல்ல மாறியது. இன்று பெரும்பாலோர் எவ்வளவு பெரிய மீனையும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வாதம் வலுவானது. மிகப் பெரியவை ஏறத்தாழ எல்லாமே பெண் மீன்கள். ஐம்பது அங்குலம் வளரப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல், பல நீர்நிலைகளில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகிறது. ஓர் ஏக்கர் நீர்ப்பரப்புக்கு முழுவளர்ச்சி பெற்ற மஸ்கி ஒன்றுகூட இல்லாத ஏரிகளே மிகுதி. எனவே ஒன்றை எடுத்தாலும் ஏரிக்குத் தெரியும். எதிர்த்தரப்பும் வாயடைத்து நிற்கவில்லை. உரிமம் பெற்று, சட்டம் வரையறுத்த நீளத்துக்கு மேற்பட்ட ஒரே மீனை வாழ்நாளில் ஒருமுறை எடுத்துக்கொள்பவனைக் குற்றவாளியாக நடத்துவது என்ன முறை என்றும், விடப்பட்ட மீன்களிலும் சில பின்னர் இறப்பதை யார் கணக்கில் வைத்தார்கள் என்றும் கேட்கிறார்கள். நீர் வெதுவெதுப்பாக இருக்கும் கோடையில் விடப்படும் மீன் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பதை விடுவோரே ஒப்புக்கொள்கிறார்கள்; அவர்களில் பலர் அந்நாள்களில் தூண்டிலையே எடுப்பதில்லை. 2021 நவம்பரில் மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் பிடிபட்ட 55 பவுண்டுக்கு மேற்பட்ட மஸ்கியை விட்டுவிடவே முயன்றார்கள். நெடுநேரம் நீரில் தாங்கிப் பிடித்தும் அது தேறாததால்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அது மாநிலச் சாதனையாயிற்று. அதைச் சின்னம் என்று அவர்கள் கொண்டாடினார்களா, கைமீறிய இழப்பு என்று கொண்டார்களா என்பதை ஒற்றைச் சொல்லில் முன்கூட்டியே தீர்ப்பெழுதும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

எடுத்துக்கொண்ட மீனையும் விடப்பட்ட மீனையும் மாநில அரசே பிரித்துவிட்டது என்பதையும் நோக்க வேண்டும். மினசோட்டா 2016 முதல், விடப்பட்ட மீனுக்கு நீளத்தை மட்டும் கொண்டு தனிச் சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறது. அப்பட்டியலில் இடம்பெறும் மீன் யார் கையிலும் இல்லை. அங்கே சின்னம் எது?

என் பரிந்துரை ‘பெருமீன்’. பெருநகர், பெருவழி, பெருங்கடல் என்பவற்றில் போல, தன் இனத்துக்குள் மிகப் பெரியது என்ற அளவுப்பொருளை இது முதலில் தருகிறது. பெருமை என்ற சொல்லுக்குப் பருமன், சிறப்பு என இரு பொருளும் உண்டாதலால், பிடித்தவன் நெஞ்சு நிமிர்த்துவதையும் குறிப்பாகத் தாங்கிக்கொள்கிறது. பிடிபடாத மீனுக்கும், பிடித்து விட்ட மீனுக்கும், சுவரில் தொங்கும் மீனுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது, எப்பக்கமும் சாய்வதில்லை. ‘பெருமஸ்கி’ என்றும், அத்தகைய மீன்களுக்கென்று பேணப்படும் ஏரியைப் ‘பெருமீன் ஏரி’ என்றும் தயக்கமின்றி எழுதலாம். திமிங்கலம், சுறா போன்றவற்றோடு குழம்பாதா என்றால், ஏரியைப் பற்றிப் பேசும் கட்டுரையில் குழம்புகிறவர் எச்சொல்லைக் கொடுத்தாலும் குழம்பவே செய்வார். ‘பேர்மீன்’ என்று எழுதலாமே, பேரும் புகழும் உடையதல்லவா என்போர்க்கு ஒன்று: பெருமை என்னும் பண்பு உயிர்முன்தான் பேர் ஆகும், பேராறு சரி, பேர்மீன் சரியன்று.

வெளியிடுதல் என்ற சொல்லையும் இத்துடன் தீர்த்துவிடலாம். நூலை வெளியிடுவார்கள், படத்தை வெளியிடுவார்கள், அறிக்கையை வெளியிடுவார்கள், மீனை விடுவார்கள். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘விடு’ என்ற ஈரெழுத்துச் சொல் எளிமையானது என்பதாலேயே மொழிபெயர்ப்பாளர்களுக்கு மதிப்புக் குறைவாகத் தெரிகிறது போலும். ஆயினும் ‘பிடித்துவிடுதல்’ என்று சேர்த்து எழுதினால் வேறு தொல்லை: எப்படியேனும் பிடித்தே தீருதல் என்று ஒரு பொருளும், கால் அமுக்கிவிடுதல் என்று மற்றொரு பொருளும் வந்து நிற்கும். ‘பிடித்து மீளவிடுதல்’ என்றால் ஐயமில்லை. மறுபக்கத்துக்கு ‘எடுத்துக்கொள்ளுதல்’ போதும். ‘வைத்திருத்தல்’ என்றால் தொட்டியில் வளர்ப்பதாகப் பொருள்படும்.

சுவரில் மாட்டுவதற்கு நம்மிடம் நல்ல சொல் முன்பே உண்டு. அரண்மனைப் புலியையும் காட்டெருமைத் தலையையும் ‘பாடம் செய்தது’ என்றுதானே சொல்லி வருகிறோம். தோலை உரித்துப் பதப்படுத்தி உருக்கொடுத்த மஸ்கியும் பாடம் செய்த மீனே. ஆனால் இன்று மீளவிடுவோர் பெரும்பாலும் தோலைக் கேட்பதில்லை. நீளம், சுற்றளவு, நிழற்படங்கள் ஆகியவற்றைக் கைவினைஞரிடம் கொடுத்தால், அவர் கண்ணாடியிழையில் அச்சு வார்த்து, அதே மீனின் வரிகளையும் புள்ளிகளையும் தீட்டித் தந்துவிடுகிறார். இதற்குப் ‘போலி மீன்’ என்று எழுதியிருப்பதையும் காண்கிறோம். தூண்டிலில் கட்டும் மரமீனையும் நெகிழிமீனையும் போலி இரை என்று வழங்குவதால், இது இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தவிர, உயிருடன் ஏரியில் திரியும் மீனுக்கு மதிப்பளித்துச் செய்ததைப் போலி என்பது முறையுமன்று. அச்சில் வார்த்தெடுப்பதால் அது ‘வார்ப்பு மீன்’.