எட்டாம் எட்வர்டின் கிரவுன்: போலியும் இல்லை, புதையலும் இல்லை

பழைய நாணயங்களை மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் தலையும் 1937 என்ற ஆண்டும் பொறித்த பளபளப்பான கிரவுனோடு (ஐந்து ஷில்லிங் நாணயம்) வருபவர்களில் பலர் அதை வாங்கியவர்கள் அல்ல, தாத்தாவின் பெட்டியில் கண்டெடுத்தவர்கள். எட்வர்டின் 1937 தங்க சாவரின் (ஒரு பவுண்டு தங்கக் காசு) ஒன்று 2020இல் 10 லட்சம் பவுண்டுக்கு விலைபோன செய்தியும் அவர்கள் காதுக்கு எட்டியிருக்கும்.

எட்வர்ட் 1936 ஜனவரி 20 அன்று மன்னரானார். டிசம்பர் 11 அன்று முடிதுறந்தார். பிரிட்டனில் அவர் முகத்தோடு ஒரு காசுகூடப் புழக்கத்துக்கு வரவில்லை. அந்த ஆண்டுக் காசுகளில் இருப்பது தந்தை ஐந்தாம் ஜார்ஜின் தலைதான். மேற்கு ஆப்பிரிக்கா, ஃபிஜி போன்ற காலனிகளின் துளைக் காசுகளில் எட்வர்டின் பெயர் உண்டு, முகம் கிடையாது. தபால்தலையில் முகம் வந்துவிட்டதே, காசிலும் வந்திருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பிரிட்டனின் நாணயச் சாலையான ராயல் மின்ட் 1937க்காகச் செய்து பார்த்த மாதிரி நாணயங்கள் மட்டும் மிகச் சில உண்டு. அந்த சாவரின் அந்த வகை.

பெட்டியில் கிடைப்பதோ பிற்காலத்தில் தனியார் அடித்த ஃபேன்டஸி நாணயம், அதாவது அரசு வெளியிடாத கற்பனை நாணயம். அசலே வெளிவராததால் இதைப் போலி என்று சொல்லவும் முடியாது. ஃபேன்டஸி என்று சொல்லியே விற்றிருப்பார்கள். நான்கு கை மாறுவதற்குள் அந்தச் சொல் உதிர்ந்துவிடும். ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது.

முகம் பார்க்கும் திசை ஒரு தடயம். மன்னருக்கு மன்னர் திசை மாறுவது வழக்கம். தந்தை இடப்பக்கம் பார்த்ததால் எட்வர்ட் வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தனக்கும் இடப்பக்கம்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சிற்பி ஹம்ஃப்ரி பேஜெட் நாணயத்துக்காக வடித்த முகம் அப்படித்தான் அமைந்தது. ஆகவே வலப்பக்கம் பார்க்கும் கிரவுன் வந்தால் எனக்கு வேலை சுலபம். இடப்பக்கம் பார்த்தால் அசல் என்று அர்த்தமில்லை. வரலாறு படித்தவர்களும் ஃபேன்டஸி அடிக்கிறார்கள். கிரவுனுக்குரிய 28.28 கிராம் எடை சரியாக இருப்பதும் அப்படியே, அது பெரிய சாட்சி இல்லை.

சரி, சேர்க்கலாமா? தாராளமாக. சில வடிவமைப்புகள் எனக்கே பிடிக்கும். ஆனால் பில்லில் ‘ஃபேன்டஸி’ என்று எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வெள்ளியா, முலாமா என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். திரும்ப விற்கும்போது பெரும்பாலும் உலோகத்துக்குத்தான் விலை. அந்த பில்லை நாணயத்தோடேயே வையுங்கள், அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் உங்கள் பேரனாக இருக்கலாம்.