மெட்டபாலிசம்: மருந்து எங்கே வளர்கிறது?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டுக்கால் வெட்டக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைக்கார பாய் எட்டிப் பார்த்தார். 'ஆட்டுக் குடலில் மருந்தின் வளர்சிதைமாற்றம்' என்றிருந்தது. "மருந்து எங்க தம்பி வளருது?" என்றார். கேள்வி வீடுவரை வந்தது.

'மெட்டபாலிசம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நாம் சொல்வதுதான் வளர்சிதைமாற்றம். மெட்டபாலிசம் கிரேக்க 'மெட்டபோலே'யிலிருந்து வந்தது. பொருள் 'மாற்றம்', அவ்வளவுதான். 1839இல் உயிரணுவின் வேதிச் செயலைச் சொல்ல ஜெர்மானியர் தியோடர் ஷுவான் அந்த வேரைக் கையாண்டார். தமிழில் 'வளர்', 'சிதை' இரண்டையும் சேர்த்தது நம்மவர்கள். உணவுக்கு அழகாகப் பொருந்துகிறது: தசை கட்டுவது வளர், கொழுப்பை எரிப்பது சிதை. ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இது போதும்.

மருந்துக்குப் போதாது. 'வளர்' தலையை வெட்டிவிட்டுச் 'சிதைமாற்றம்' என்று எழுதலாமே எனத் தோன்றும். நானும் அப்படித்தான் எழுதினேன், பிறகு அடித்தேன். காரணம் அல்பெண்டசோல், ஆடுமாடுகளுக்கு வாய்வழி புகட்டும் குடற்புழு மருந்து. கல்லீரலின் நொதிகள் அதில் ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டி சல்பாக்சைடு ஆக்குகின்றன. அதற்கும் புழுவைக் கொல்லும் வீரியம் உண்டு. இன்னோர் ஆக்சிஜன் ஏறி சல்போன் ஆனால்தான் வீரியம் போகும். இதில் எதைச் சிதைந்தது என்பது?

அசைபோடும் விலங்கில் கதை இன்னும் சுவையானது. நான்கு அறை வயிற்றின் முதல் அறையிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள், கல்லீரல் ஒட்டிய ஆக்சிஜனைக் கழற்றி, சல்பாக்சைடை மறுபடி அல்பெண்டசோலாக்கிவிடும். கல்லீரல் ஒரு பக்கம் இழுக்க, வயிறு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. குடல் சுவரிலும் நொதிகள் உண்டு. வாய்வழி போகும் மருந்தில் ஒரு பங்கு, இரத்த ஓட்டத்தில் பரவுமுன்பே அங்கும் கல்லீரலிலும் மாறிவிடும்.

ஆகவே என் தேர்வு 'மருந்து உருமாற்றம்'. வெறும் 'உருமாற்றம்' என்றால் புழு பட்டாம்பூச்சியாவது நினைவுக்கு வரும், முன்னொட்டை விடக்கூடாது.

இந்த உருமாற்றத்தின் வேகம் இனத்துக்கு இனம் வேறு. வெள்ளாடு இம்மருந்தைச் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடும், செம்மறிக்குச் சொன்ன அளவு அதற்குப் போதாமல் போகும். மருந்து கொடுத்தபின் இறைச்சியையும் பாலையும் விற்காமல் காத்திருக்கும் நாள்களைக் கணிப்பதும் இதைக்கொண்டுதான். அதை 'விலக்குக் காலம்' என்று எழுதியிருக்கிறேன். பாய்க்கு அது உடனே புரிந்தது.