சூழற்சுற்றுலா

இயற்கையைக் குலைக்காமல், ஊருக்கும் பயன்படும்படி சுற்றிப் பார்க்கும் 'எக்கோ டூரிசம்' என்பதற்கு இயற்கைச் சுற்றுலா, பசுமைச் சுற்றுலா, சூழல்நேய உல்லாசப் பயணம் என்று ஆளுக்கொரு தமிழ் எழுதுகிறோம். நான் சூழற்சுற்றுலா என்றே எழுதுகிறேன்.

'எக்கோ' என்பதன் வேர், வீட்டைக் குறிக்கும் 'ஒய்க்கோஸ்' என்ற கிரேக்கச் சொல். 1866இல் ஜேர்மன் விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் சூழலியலுக்குப் பெயர் வைத்தது அதிலிருந்துதான். 'டூர்' என்றால் சுற்றிவருதல். எங்கள் சுற்று + உலா அதற்கு அப்படியே பொருந்தும்.

இரண்டும் ஒட்டிய கதையில் பூநாரை வருகிறது. 1983இல் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் மெக்சிக்கோக் கட்டடக் கலைஞர் எக்டர் செபாயோஸ் லஸ்குரைன். பூநாரைகள் இரைதேடிக் குஞ்சு பொரிக்கும், அந்நாட்டின் யுகத்தான் வடகரைச் சதுப்பு நிலங்களைக் காக்க அவர் அப்போது வாதாடிக்கொண்டிருந்தார். பறவை பார்க்க ஆட்கள் வந்து, ஊருக்கும் நாலு காசு கிடைத்தால் சதுப்பு தப்பும்.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் பூநாரை வரும். மாரியில் தீவகத்துக்குப் போகும் தெருவோரப் பரவைக்கடலில், அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடித்து வடித்துத் தின்னும். ஒருநாள் அங்கே ஒரு வான் நின்றது. இறங்கியவர்களில் ஒருவர், பறக்கிற படம் எடுக்கவென்று பலமாகக் கைதட்டினார். அத்தனையும் தீனியை விட்டு எழும்பிப் போயின. நான் நின்ற நேரம் முழுக்க ஒன்றுகூடத் திரும்பவில்லை. அன்றைக்கு எனக்கு மனமே சரியில்லை. அதைச் சூழற்சுற்றுலா என்று எப்படிச் சொல்வது?

'உல்லாசப் பயணம்' இலங்கையில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல்தான். ஆனால் கோடையில் நெடுந்தீவின் மட்டக்குதிரைகள் தண்ணீருக்கு அலையும்போது, அவற்றைப் பார்க்கப் போகிறவரை உல்லாசப் பயணி என்றழைக்க எனக்கு வாய் வராது. பாடப்புத்தகச் சொல்லான 'சுற்றாடலை' எடுத்தால் 'சுற்றாடற் சுற்றுலா' என்று நாக்கு இடறும்.

'சூழல்' என்ற சொல்லில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. 'சூழ்' என்றால் வளைத்து நிற்பது மட்டுமில்லை, எண்ணிப் பார்ப்பதும். குறள் 'சூழ்ந்து செயல்' என்பது அந்தப் பொருளில்தான்: அழிவது எது, ஆவது எது என்று முதலில் எண்ணு, பிறகு செய். தேடிய பொருள் வேர்ச்சொல்லிலேயே கிடக்கிறது.

கடல் + கரை கடற்கரை ஆவதுபோல், சூழல் + சுற்றுலா சூழற்சுற்றுலா. பேச்சில் இப்படி வரும்: "நெடுந்தீவுக்குச் சூழற்சுற்றுலா போறம். சாப்பாடு அங்கத்தை ஒரு வீட்டிலை சொல்லியாச்சு. கொண்டுபோற போத்தலெல்லாம் குறிகாட்டுவான் துறைக்குத் திரும்பி வரும்."