ஒரே நீளக் குழல், வேறு வேறு ஸ்தாயி

பெரம்பூரில் ஒரு சிறிய அரங்கில் நடந்த சேம்பர் இசை விழாவில் மேலைப் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் அடுத்தடுத்துத் தனி வாசிப்பாக ஒலித்தன. இரண்டும் ஏறத்தாழ ஒன்றரை முழ நீளமே. ஆயினும் புல்லாங்குழலின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் வினாடிக்கு 262 அதிர்வுகளோடு நின்றுவிட, வடசென்னைக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்டுக்காரர்கள் வழியாக நமக்குப் பழகிய அதே கிளாரினெட் 147 வரை, அதாவது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே, இறங்கியது.

காரணம் குழலின் முனைகளில் இருக்கிறது. காசிமேட்டுக் கற்சுவரில் மோதும் அலை, முகடு முகடாகவே திரும்புகிறது. குழலின் மூடிய முனையில் காற்றழுத்த அலையும் அவ்வாறே மீள்கிறது. திறந்த முனையிலோ செறிவாகப் போனது தளர்வாகத் தலைகீழாகி வருகிறது. புல்லாங்குழலின் இரு முனைகளும் திறந்தவை. ஊதும் துளையும் திறப்பே. எனவே ஒருமுறை போய்வரும் அலை இருமுறை புரண்டு பழைய நிலையை அடைகிறது. கிளாரினெட்டில் நாணல் சீவலுக்கும் வாய்முனைக்கும் இடையே உள்ள இடுக்கு மிகக் குறுகியது என்பதால், கலைஞர் அதன் வழியாக ஊதிக்கொண்டே இருந்தாலும், ஒலியலைக்கு அது மூடிய முனைதான். அங்கே அலை புரள்வதில்லை. ஆகவே பழைய நிலைக்கு வர இருமுறை போய்வர வேண்டும். சுற்று இரட்டிப்பாகிறது, அதிர்வெண் பாதியாகிறது, அதாவது ஒரு ஸ்தாயி இறங்குகிறது.

இதன் விளைவு ஒன்று கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு விந்தையாக இருக்கும். ஒரே விரலமைப்பில் சற்று அழுத்தி ஊதினால் புல்லாங்குழலில் ஸட்ஜம் இருமடங்கு அதிர்வெண்ணுள்ள மேல் ஸட்ஜமாகிறது. கிளாரினெட்டோ அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 என்னும் ஒற்றைப்படை மடங்குகளுக்கே இடங்கொடுப்பதால், கட்டைவிரல் சாவியை அழுத்தியதும் மேல் ஸட்ஜத்தைத் தாண்டி அதற்கும் மேலுள்ள பஞ்சமத்துக்குத் தாவுகிறது. இரு ஸ்தாயிகளுக்கும் வெவ்வேறு விரலமைப்பைக் கற்க நேர்வது இதனால்தான். கமகங்களை இதில் வழுக்கிக் கொண்டுவந்த கர்நாடக இசைக் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் போன்றோரின் உழைப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் சீவாளி என்னும் நாணல் ஊதுமுனை பொருத்திய நாகஸ்வரமும் மூடிய முனைக் கருவிதானே? ஆம், ஆனால் அதன் உட்துளை கிளாரினெட்டைப் போல உருளையாக இல்லாமல், அணைசு என்னும் அகன்ற அடிமுனையை நோக்கி விரியும் கூம்பு. கூம்பு வடிவம் எல்லா மடங்குகளையும் அனுமதிப்பதால் நாகஸ்வரமும், அதன் ஐரோப்பிய உறவான ஓபோவும், ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கே தாவுகின்றன.

இடைவேளையில் அரங்கின் குளிரூட்டி நின்றுவிட்டது. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். குழலுக்குள் காற்று ஆறு பாகை சூடேறினாலே 440 அதிர்வுகள் 444-ஐத் தாண்டிவிடும். கலைஞரின் மூச்சு ஏற்கெனவே குழலைச் சூடாக்கி வைத்திருப்பதால் உண்மையான ஏற்றம் சற்றுக் குறைவு. கிளாரினெட் கலைஞர் பேசாமல் வாய்முனைக்கு அடுத்த இணைப்பை நூலளவு வெளியே இழுத்து, குழலை நீட்டிச் சுருதியை இறக்கிக்கொண்டார்.