பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடாது, தம்பி

பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. “ஒண்ணுமே பண்ணல அண்ணா, ரீஸ்டார்ட் போட்டேன், அப்படியே நின்னுடுச்சு.” ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு சர்வீஸ் பார்க்கிற எங்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். அடிமூடியைத் திறந்தால், கம்ப்யூட்டரைத் துவக்கிவிடும் அடிப்படை நிரலான பயாஸுக்கான சின்ன பேட்டரியின் ஒயர் ஏற்கெனவே பிடுங்கிக் கிடக்கும். அப்புறம்தான் மெதுவாக விஷயம் வெளியே வரும். சாலிகிராமத்தில் எடிட்டிங் வேலை, ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் தெரிந்திருக்க வேண்டும், மேக் வாங்கக் காசில்லை. அதனால் விண்டோஸ் லேப்டாப்பில் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ் ஏற்றப் போய், பயாஸ் மெனுவில் கண்ணுக்கே தெரியாத ‘சி.எஃப்.ஜி. லாக்’கை, அதாவது பிராசசரின் மின்சேமிப்பு அமைப்பை மாற்றவிடாத பூட்டை, கழற்றியிருக்கிறார். ஆப்பிளின் உரிமம் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் செல்லும். அது உங்கள் பாடு, நான் போலீஸ் இல்லை. என் கவலை போர்டைப் பற்றியது.

அந்த லாக் என்ன செய்கிறது, மேக்ஓஎஸ் ஏன் அதில் முட்டிக்கொள்கிறது என்பதையெல்லாம் இங்கே வருகிற பையன்கள் என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள். அவர்கள் எல்லாரும் தவறாக நம்புகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: “ஏதாவது ஆச்சுன்னா பேட்டரியைக் கழட்டி மாட்டினா பழையபடி வந்துடும்.”

வராது. பழைய கம்ப்யூட்டர்களில் பயாஸ் செட்டிங்ஸ் எல்லாம் பேட்டரி உயிரில் ஓடும் சிமாஸ் நினைவகத்தில் இருந்தன. மின்சாரம் போனால் அவையும் போய்விடும். அந்தக் காலத்து வைத்தியம்தான் இன்னும் வாய்வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பயாஸின் புதிய வடிவமான யூ.இ.எஃப்.ஐ. உள்ள இப்போதைய லேப்டாப்பில் நீங்கள் மாற்றுகிற மதிப்பு போய் உட்காருவது ஃபிளாஷ் சிப்பில், பயாஸ் நிரல் இருக்கும் அதே எட்டுக்கால் சிப்பில். பென் டிரைவில் காப்பி பண்ணின படம் கரன்ட் இல்லாமலும் இருக்கிறதே, அதே கதைதான். சில போர்டுகளில் பேட்டரி போனதைப் பயாஸ் கவனித்துவிட்டு, தானாகவே ஆரம்ப மதிப்புகளைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். அது அந்த போர்டின் நல்ல குணம். அப்படிப் பிழைத்த ஒருவர் வீடியோ போடுவார், அதை நம்பிச் செய்த பத்துப் பேர் இங்கே வருவார்கள். இன்னொன்று, இப்போதைய பல லேப்டாப்புகளில் தனியாகப் பயாஸ் பேட்டரியே கிடையாது. எதைக் கழற்றுவீர்கள்?

அடுத்தது அந்த எண். மறைந்திருக்கும் செட்டிங்குக்குப் பெயரைச் சொல்லி மாற்ற முடியாது. நினைவகத்தில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற எண்ணைக் கொடுத்துத்தான் எழுத வேண்டும். “அதே மாடல்தான் அண்ணா, வீடியோல இருந்த நம்பர்தான்.” மாடல் அதேதான், பயாஸ் வெர்ஷன் வேறு. அப்டேட் வந்தால் இந்த எண்கள் நகரலாம். நம்ம ஊரில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு போர்டு தொங்குமே, அந்த மாதிரி பழையதைப் பார்த்துப் போனால் வேறு யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். அந்த வீடு பிராசசரோடு வரும் உள் கிராஃபிக்ஸின் செட்டிங்காக இருந்தால் டிஸ்ப்ளே போச்சு. அதற்கென்று தனி கார்டு இல்லாத லேப்டாப் என்றால், மாற்றியதைத் திரும்ப மாற்றக்கூடத் திரை இருக்காது.

அப்படி ஆனபின் செய்வது என்ன? சிப்பில் கிளிப் மாட்டிப் படிப்போம். ஒத்துவராவிட்டால் ஹாட் ஏரில் (சூடான காற்று ஊதி) எடுத்து, சரிசெய்து, திரும்ப ஒட்டுவோம். வீட்டிலேயே செய்யலாம் என்று சிப்பைப் படித்து எழுதும் மலிவான கறுப்பு சி.எச்.341ஏ புரோகிராமர் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பல பீஸ்கள் டேட்டா கால்களில் 5 வோல்ட் தள்ளும், சிப்புக்கு 3.3தான் வேண்டும். புதிய லேப்டாப்புகள் சிலவற்றில் 1.8. முதலில் சிப்பின் முதுகில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். நெட்டில் கிடைத்த இன்னொருவருடைய பயாஸ் ஃபைலை அப்படியே ஏற்றாதீர்கள். உங்கள் சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் அதில் இருக்காது.

சரி, இத்தனைக்கும் இது தேவையா? பெரும்பாலும் இல்லை. மேக்ஓஎஸ்ஸைத் துவக்கிவிடும் ஓப்பன்கோர் மென்பொருளின் கெர்னல் பகுதியில் இந்த லாக்குக்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது. கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிய நினைவகம் 32 எம்.பி.தான் என்று அதையும் பயாஸில் மாற்றப் போகிறார்கள். அதற்கும் ஓப்பன்கோரோடு சேர்க்கும் வாட்எவர்கிரீன் என்ற கிராஃபிக்ஸ் துணை நிரலில் பேட்ச் உண்டு. இரண்டையும் பென் டிரைவில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் மாற்றினால் போதும். தப்பானால் பென் டிரைவைப் பிடுங்கிவிடலாம்.

இல்லை, மாற்றியே தீருவேன் என்றால், உங்கள் பயாஸ் வெர்ஷனின் ஃபைலையே பிரித்து எண்ணை எடுங்கள். எழுதுவதற்கு முன் படியுங்கள். எழுதுகிற கட்டளைக்குப் புதிய மதிப்பு இல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், அது இப்போதைய மதிப்பைக் காட்டும். லாக் போட்டிருக்கிறது என்றால் 1 வர வேண்டும். வேறு எதுவோ வந்தால் கையை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புக் கீயை முதலில் எழுதி வையுங்கள், ‘செக்யூர் பூட்’ என்ற பயாஸ் பாதுகாப்பை அணைத்ததும் அது கேட்கலாம். புராஜெக்ட் கொடுக்க வேண்டிய வாரத்தில் தயவுசெய்து தொடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்தும்விட்டது. அதற்குப் பிறகு வருவது உங்கள் இன்டெல் லேப்டாப்பில் ஏறாது. இதே தெருவில் ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 உள்ள செகண்ட் ஹேண்ட் மேக் மினி தேடினால் கிடைக்கும். திரையும் கீபோர்டும் உங்களிடம் இருப்பதையே மாட்டிக்கொள்ளலாம். போர்டு செத்துப்போய் வருகிற பையன்களிடம் நான் முதலில் சொல்வதும் அதைத்தான், ஆனால் அப்போது அவர்கள் கையில் இருக்கிற பணம் சர்வீஸுக்கே சரியாகிவிடுகிறது.