கைத்தூய்மை என்க, கைகழுவல் அன்று

மருத்துவமனை ஊழியர் உரிய நேரத்தில் கையைத் தூய்மை செய்கிறார்களா என்று சென்சார் கொண்டு பார்க்கும் முறையை 'மின்னணுக் கைகழுவல் கண்காணிப்பு' என்கிறார்கள். இது தவறு. ஹேண்ட் ஹைஜீன் என்பதற்குத் தமிழ் கைத்தூய்மை.

ஹைஜீன் கிரேக்க வழிச் சொல். உடல்நலத் தெய்வம் ஹைஜியாவின் பெயரோடு உறவுள்ளது. அதில் தண்ணீர் இல்லை. இன்று தூய்மை பேணுவதைச் சொல்லும். கழுவல் அதற்கான வழிகளில் ஒன்று, அவ்வளவே.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியில், கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதவரை ஆல்கஹால் கரைசலை 20–30 வினாடி தேய்ப்பதே முதல் தேர்வு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ இரத்தமோ சளியோ பட்டிருந்தாலோ, கழிப்பறை போய்வந்தாலோதான் சோப்பும் தண்ணீரும், 40–60 வினாடி. குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்குமோ என்று வலுவான ஐயம் வந்தாலும் அப்படியே. அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. ஆகவே வார்டில் நடக்கவேண்டிய கைத்தூய்மையில் பெரும்பகுதி தேய்ப்புதான். 'கழுவல்' என்று படித்தவர், கட்டிலருகே சானிடைசர் இருக்க, சிங்க்கைத் தேடிப் போவார். அது தொலைவில் இருந்தால் விட்டுவிடுவார். இன்னும் சிலர் தேய்த்த கையைக் கழுவவும் செய்து தோல் வறண்டு வெடிக்க அவதிப்படுவார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

'கழுவல்தான் எல்லாருக்கும் புரியும்' என்பது எதிர்வாதம். 'நோயாளியைக் கைகழுவிவிட்டார்கள்' என்றால் தமிழருக்கு என்ன புரியும்? 'எங்கள் மருத்துவமனையில் கைகழுவல் கூடியுள்ளது' என்று ஓர் அறிக்கைக்குத் தலைப்பிட்டுப் பாருங்கள். 'கை சுகாதாரம்' பிழையில்லை. ஆனால் குடிநீர், சாக்கடை வரை விரியும் சொல் கைக்குப் பொருந்தாமல் தொளதொளக்கிறது.

மின்னணுக் கருவிகளில் பெரும்பாலானவையோ கழுவலைப் பார்ப்பதே இல்லை. சானிடைசர் டிஸ்பென்சரிலுள்ள சென்சார், அது எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று எண்ணும். ஊழியர் அணியும் பேட்ஜ், அருகே நின்றவர் யார் என்று சொல்லும். வாசல் சென்சார், நுழைந்ததையும் வெளியேறியதையும் குறிக்கும். கைத்தூய்மை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில், நோயாளியைத் தொடுமுன், தொட்டபின், அவர் சூழலைத் தொட்டபின் என்ற மூன்றும் இதில் தோராயமாகச் சிக்கும். கிருமி புகாமல் செய்யவேண்டிய செயலுக்கு முன், உடல்திரவம் பட்டபின் என்ற இரண்டும் பெரும்பாலும் சிக்காது. வாசலில் தேய்த்துவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்து, அதே கையால் கானுலாவை, அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் குழாயை, திறந்தாலும் கண்காணிப்புத் திரையில் 'சரி' என்னும் பச்சைதான். அந்தப் பச்சைக்குக் கீழே 'கழுவப்பட்டது' என்று போடுவது மொழிபெயர்ப்புப் பிழையோடு நிற்பதில்லை. நடக்காததை நடந்ததாகப் பதிவுசெய்கிறது.

விதியைப் பின்பற்றுவதைக் குறிக்கும் காம்ப்ளையன்ஸை 'இணக்கம்' என்பதும் இப்படித்தான். இணக்கம் மனிதர்களுக்குள் இருப்பது. விதிக்கு வேண்டியது கடைப்பிடிப்பு. திரையில் 'டிஸ்பென்சர் அழுத்தம்', 'கைத்தூய்மை வாய்ப்பு' (கைத்தூய்மை தேவைப்பட்ட தருணம்), 'கடைப்பிடிப்பு வீதம்' என்று மூன்றையும் தனித்தனியே எழுதினால், எதை எதால் வகுத்து அந்தச் சதவீதம் வந்தது என்று நர்ஸே கேட்க முடியும்.